தாய்மாரின் சோகை தீர்த்த லூசி வில்ஸ்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மன்னர்தம் போர்களும் கோட்டைகளும் கோயில்களுமே. சந்திரகிரிக் கோட்டையை அண்மையிற் கொண்டு வாழும் நமக்கு அஃது இயல்பே. ஆயினும் படை நடத்தாமலும் முடி சூடாமலும் எண்ணற்ற உயிர்களைக் காத்தோரும் உலகில் உளர். அவர்தம் பெருமை கல்வெட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு மருந்தின் பெயருக்குள்ளோ ஒரு மாத்திரையின் நிறத்துக்குள்ளோ அது மறைந்து கிடக்கிறது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற மகளிர்க்கு இலவசமாக வழங்கப்பெறும் சிவப்பு மாத்திரையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதனைப் பெற்று முறையாக உட்கொண்ட இல்லங்களும் உண்டு; அலமாரியில் வைத்து மறந்துவிட்ட இல்லங்களும் உண்டு. அச்சிறு மாத்திரைக்குள் இரு பொருள்கள் உள்ளன. ஒன்று 60 மில்லிகிராம் இரும்புச் சத்து. மற்றொன்று 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரத்தத்திற்கு இரும்பு வேண்டும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. இரண்டாவது பொருள் கண்டறியப்பட்ட கதையோ பம்பாயில் தொடங்கி, நம் குன்னூர் வழியாகவும் சென்னை வழியாகவும் சென்று, அமெரிக்காவில் ஓர் ஆந்திரப் பெருமகனின் ஆய்வுக்கூடத்தில் நிறைவெய்துகிறது. அக்கதையின் தலைவி டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் யாம் மருத்துவம் பேசத் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் வரவும் செலவும் பார்க்கத் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்ளக் கூடிய செய்தி இது. ஓர் உடலுக்குள் எவ்வளவு போகிறது, அவ்வுடலிடமிருந்து எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதே இதன் சாரம்.

திரைக்குப் பின் இருந்த நோயாளிகள்

இன்று ஆந்திரப் பிரதேசத்தில் அமைந்துள்ள சித்தூரும் திருப்பதியும் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும்வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியதே சித்தூர் நகரந்தான். ஆகவே சென்னையில் மகளிர் மருத்துவம் வளர்ந்த வரலாறு நம் ஊர்ப் பெண்டிரின் வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவர் முன் வாராது திரைக்குள் வாழ்ந்த பெண்கள் பலர். பேறுகாலத்தில் உயிருக்கே இடர் நேர்ந்தாலும் ஆண் மருத்துவர் தம்மைத் தொட அவர்கள் உடன்படுவதில்லை. குடும்பத்தாரும் இசைவதில்லை. பெண் மருத்துவரோ கிடையாது. எனவே காக்கப்படக் கூடிய உயிர்களும் மாண்டன. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இக்கொடுமையைக் கண்டு உளம் நொந்தார். தாமே மருத்துவம் பயிலத் துணிந்தார். 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தபோது உட்புகுந்த நால்வருள் அவரும் ஒருவர். பின்னர் இலண்டன் சென்று மேற்படிப்பு முடித்து மீண்டும் சென்னைக்கு வந்தார். 1885இல் ‘ஜாதி கோஷா ஆஸ்பத்திரி’ எனும் மகளிர் மருத்துவமனை தோன்றக் காரணமாயினார்.

அம்மருத்துவமனையின் கட்டடத்திற்காக ஒரு லட்சம் ரூபாய் வழங்கியவர் வெங்கடகிரி ராஜா. 2022ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பெற்ற வெங்கடகிரியே அது. சென்னைத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயருடன் இன்றும் அது நடைபெறுகிறது. ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றால் முதியோர் உடனே அறிவர். அப்பெயரை நினைவிற் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். லூசி வில்ஸ் அம்மையாரும் அங்கு வரப் போகிறார்.

பட்டம் வழங்கப்பெறாத மாணவி

லூசி வில்ஸ் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகில் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் 1907இல் சேர்ந்து, தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் தேர்வுகளை முடித்தார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. குற்றம் அவர் படிப்பில் இல்லை. ஆடவருக்கு வழங்கும் பட்டத்தைப் பெண்களுக்கு வழங்குவதில்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் விதி. நம் நாடு விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டாகிய 1948இல்தான் கேம்பிரிட்ஜ் அவ்விதியைக் கைவிட்டது. பெண்ணுக்கு உரியதை மறுக்கும் வழக்கம் கீழ்த்திசைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் தங்கியிருந்த அவர், நாடு திரும்பி இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பெண்களை மருத்துவராக்கும் நோக்கத்துடன் 1874இல் நிறுவப்பெற்ற பள்ளி அது. மேரி ஷார்லீப் சென்னையிலிருந்து சென்று பயின்றதும் அங்கேதான். 1920இல் லூசி மருத்துவரானார். தனியே வைத்தியம் செய்து பொருளீட்டும் வழியை நாடாமல், ஆய்வுக்கூடத்தையே தம் பணியிடமாகத் தேர்ந்தெடுத்தார். கருவுற்ற நிலையில் பெண்ணுடலில் நிகழும் மாற்றங்களே அவருடைய ஆராய்ச்சிப் பொருளாயின.

பம்பாயில் எழுந்த வினா

அக்காலத்தில் இந்தியாவில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே கொடிய சோகை நோய் ஒன்று பரவியிருந்தது. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், உடல் வீங்கும், பிரசவத்தின்போதோ அதற்கு முன்னரோ உயிர் பிரியும். பேறுகால மரணங்களின் காரணங்களை ஆராய, இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் ஒரு விசாரணை தொடங்கப்பெற்றது. இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1928ஆம் ஆண்டின் இறுதியில் லூசி வில்ஸ் இந்நாட்டுக்கு வந்தார்.

இந்நோய்க்குக் காரணம் ஏதேனும் கிருமியாக இருக்கலாம் என்பது அன்றைய ஐயங்களுள் ஒன்று. அவர் அதனையே முதலில் ஆராய்ந்தார். குற்றவாளியான கிருமி எதுவும் அகப்படவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் நம் வணக்கத்திற்குரியது. நோயாளியின் இரத்தத்தைப் பார்த்ததோடு நில்லாமல், அவள் உண்ணும் தட்டையும் பார்த்தார். எந்தச் சமூகத்தார், எந்த நிலையினர், நாள்தோறும் எதை எவ்வளவு உண்கின்றனர் எனக் கேட்டறிந்தார். வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. திரைக்குள் வாழ்ந்த ஏழை முஸ்லிம் மகளிரிடத்தும், ஆலையில் உழைத்த மகளிரிடத்தும் மிகுந்திருந்தது. அவர்தம் உணவில் காய்கறியும் கனியும் பாலும் மிகக் குறைவு.

இதன் பொருள் யாது? இந்நோய் பெண்ணின் தலைவிதியுமன்று; பெண்ணுடலின் இயற்கைக் குறையுமன்று. அது பங்கீட்டில் நேர்ந்த குறை.

குன்னூர் எலிகளும் ஒரு குரங்கும்

கருத்துத் தோன்றிவிட்டால் போதாது. அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1929இல் அம்மையார் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்குச் சென்றார். அங்கு ராபர்ட் மக்காரிசன் என்னும் பேரறிஞர் உணவு ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தார். இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டி அவற்றின் வளர்ச்சியை அவர் அளந்தவர். சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்தாரின் அரிசிச் சோற்றை உண்ட எலிகளோ யாவற்றினும் பின்தங்கி நின்றன. நமக்கு இச்செய்தி சற்றே கசக்கும். கசப்பும் சிற்சில சமயம் மருந்தே.

பம்பாய் ஏழைப் பெண்கள் உண்ட உணவை லூசி அம்மையார் எலிகளுக்கு அளித்தார். அவற்றுக்குச் சோகை கண்டது. ஈஸ்ட் சேர்த்து ஊட்டியபோது சோகை தடுக்கப்பட்டது. வெற்றி கிட்டிவிட்டது என்றே தோன்றியது. ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன் வழியே பரவிய ஒரு கிருமியும் காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது. வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பர். அம்மையாரோ எலிகளை விட்டுக் குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். அவற்றுள் சாகும் நிலையிலிருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் என்னும் பொருளைக் கொடுத்தபோது அது வியக்கத்தக்க முறையில் தேறியது.

மார்மைட் என்பது யாது? மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் கரிய சாறு. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான பண்டம். அம்மலிவுப் பண்டத்தை அம்மையார் கருவுற்ற சோகை நோயாளிகளுக்கு அளித்தார். சில நாட்களிலேயே புதிய இரத்த அணுக்கள் தோன்றின, பசி பிறந்தது, வெளுத்த முகத்தில் செம்மை திரும்பியது. 1931இல் அவர் சென்னைக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்த இடம் முன்னே யாம் கூறிய ஜாதி கோஷா ஆஸ்பத்திரியே. ஒரு பெண்மணி கண்ட கனவில் எழுந்து, வெங்கடகிரியாரின் கொடையில் வளர்ந்த இல்லத்தில், மற்றொரு பெண்மணியின் ஆராய்ச்சி தொடர்ந்தது. அவ்வாண்டிலேயே அவருடைய கண்டுபிடிப்பு இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று.

மேலும் ஒரு நுட்பத்தை அவர் கண்டார். வேறொரு கொடிய சோகைக்கு அக்காலத்தில் கல்லீரல் சாறு மருந்தாக வழங்கியது. தூய்மைப்படுத்தாத கல்லீரல் சாறு கருவுற்றோர் சோகையையும் தீர்த்தது. நன்கு தூய்மைப்படுத்திய சாறு தீர்க்கவில்லை. எனவே ஈஸ்ட்டிலும் கல்லீரலிலும் இருப்பது அதுவரை அறியப்படாத ஒரு புதிய சத்து எனத் துணிந்தார். அறிவியலுலகம் அதற்கு ‘வில்ஸ் காரணி’ எனப் பெயரிட்டது.

பீமாவரத்துப் பெருமகன்

அச்சத்து யாதென்பது சில ஆண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. 1941இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். லூசி அம்மையார் ஈஸ்ட்டில் கண்டதும் இதுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் ஒரு துளிக்கு வண்டி வண்டியாகக் கீரை வேண்டுமெனில் ஏழைக்கு மருந்து எங்ஙனம் கிட்டும்?

இவ்விடத்தில்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ் வருகிறார். 1895இல் பீமாவரத்தில் பிறந்த இவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தவறி மூன்றாம் முறை தேறியவர். (தேர்வில் தவறிய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைக் கருதுக.) சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார், ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், முழு மருத்துவப் பட்டம் மறுக்கப்பெற்றுத் தாழ்ந்த பட்டமே பெற்றார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்நோயிலும் சோகை உண்டு. அதற்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாகப் பயன்பட்டது. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த சுப்பாராவ், பின்னர் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார். அவரது குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினர். மலையளவு கீரை தேவைப்பட்ட மருந்து மாத்திரையளவிற்குச் சுருங்கியது. 1948இல் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

பட்டம் மறுக்கப்பெற்ற ஆங்கிலப் பெண் ஒருவர். பட்டம் குறைக்கப்பெற்ற தெலுங்கர் ஒருவர். இவ்விருவர் உழைப்பும் ஒரே மாத்திரையில் கலந்துள்ளன. தெலுங்கு மண்ணில் வாழும் தமிழராகிய நாம் போற்றுதற்கு இதனினும் பொருத்தமான உறவு வேறு இல்லை. மக்காரிசன் குன்னூரில் வளர்த்த உணவு ஆராய்ச்சிக் கூடமும் நம்மைப் போலவே குடிபெயர்ந்து, 1958இல் ஐதராபாத்தை அடைந்து, தேசிய உணவூட்ட நிலையமாக இன்று விளங்குகிறது.

அச்சத்து ஆற்றும் பணி

எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் இடையறாது பிறந்துகொண்டே இருக்கின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் அணுக்கள் பிரிய மாட்டாமல் பருத்து, விரைவில் அழியும். கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தமும் பெருக வேண்டும். குழந்தையின் உடலும் உருவாக வேண்டும். ஆகவே தேவை மிகுகிறது. வரவோ பழைய அளவே. பல வீடுகளில் அதனினும் குறைவு. கணக்கில் துண்டு விழாமல் என் செய்யும்?

1991இல் வெளியான மற்றொரு பேராராய்ச்சி, கருத்தரிக்கும் முன்பே இச்சத்தை உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டிலும் மூளையிலும் தோன்றும் பிறவிக் குறைகள் பெரிதும் தடுக்கப்படும் என நிறுவியது. பருப்பு வகைகளிலும் கீரைகளிலும் இச்சத்து உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை இறுத்துக் கொட்டினால் சத்தும் நீரோடு போகும்.

நம் வீட்டுக் கணக்கு

இந்திய அரசு 1970 முதல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வழங்கி வருகிறது. எனினும் 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுவதைக் கேளுங்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்குச் சோகை. அதே வயது ஆடவரில் 100க்கு 25 பேருக்கே. ஆந்திரத்தில் பெண்களுள் 58.8 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. இரு மாநிலத்தாரும் பெருமை பேச இடமில்லை. மாத்திரையை 180 நாள் உட்கொண்ட தாய்மார் நாடு முழுவதிலும் 100க்கு 26 பேரே.

மாதவிலக்கும் மகப்பேறும் பெண்ணின் இரத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அவ்வாறாயின் அவளுக்குக் கூடுதலாக அன்றோ உணவளிக்க வேண்டும்? நாம் செய்வது யாது? ஒரே உலையில் வெந்த சோறு. ஒரே சட்டியில் கடைந்த கீரை. முதலில் கணவர், பிறகு பிள்ளைகள், பிறகு முதியோர். இறுதியில் அடுக்களையிலேயே அமர்ந்து, அடியில் ஒட்டியதை வழித்து உண்பவள் இல்லாள். அதனைப் பொறுமை எனப் புகழ்கிறோம். லூசி அம்மையார் பம்பாயில் கண்டதும் இதனோடு உறவுடைய காட்சியே. அவர் அதனைப் பொறுமை என்று எழுதவில்லை. நோயின் காரணம் என்று எழுதினார்.

திருப்பதியில் 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் உண்டு. 2014இல் மகளிர்க்கெனவே ஒரு மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. நம் காலனிப் பெண்மக்கள் அங்கெல்லாம் பயில வேண்டுமென விழைகிறோம். கேம்பிரிட்ஜ் மறுத்ததை நம் மகளிர் இன்று நடந்தே சென்று பெறலாம். ஆயினும் கல்லூரிக்கு அனுப்பும் மகளின் தட்டில் பருப்பைக் குறைத்துவிட்டு, அவள் தம்பியின் தட்டில் நெய்யைப் பெருக்கினால் அக்கல்வி வெளுத்த முகத்தோடுதான் வீடு திரும்பும்.

செய்ய வேண்டியன அரியவை அல்ல. கருவுற்ற மருமகள் மாத்திரையை உட்கொண்டாளா என மாமியார் நாள்தோறும் கேட்கலாம். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பே. அஞ்சி நிறுத்த வேண்டா. மாத்திரையோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேராது. காப்பியின்றிப் பொழுது விடியாத நம்மவர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். சோகைக்குக் காரணங்கள் பல. ஆதலின் இரத்தத்தைச் சோதித்து மருத்துவர் சொற்படி நடப்பதே முறை. நம் தமிழ் வீட்டு முருங்கைக்கும் அகத்திக்கும் துணையாக, அண்டை வீட்டுத் தெலுங்குச் சகோதரி சமைக்கும் கோங்குராவும் தோட்டகூராவும் இருக்கின்றன. அவற்றை நம் அடுக்களையும் வரவேற்கட்டும்.

முதற்பந்தி

லூசி வில்ஸ் அம்மையார் 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். மணம் புரிந்துகொள்ளாத அவர் தம் இறுதி ஆண்டுகளிலும் இலண்டன் செல்சி நகரவைக்கு உறுப்பினராக இருந்து பொதுப்பணி ஆற்றினார். அவருக்கு நம் ஊரில் சிலை இல்லை. சிலை வேண்டும் என்றும் யாம் கேட்கவில்லை. அதனினும் எளிய ஒன்றைக் கேட்கிறோம்.

நம் சங்க ஆண்டு விழாவில் ஆண்டுதோறும் விருந்து நடைபெறுகிறது. சமையற்கட்டில் விடியற்காலை முதல் நிற்பவர் மகளிர், பரிமாறுபவரும் மகளிர். முதற்பந்தியில் அமர்வோர் ஆடவராகிய நாம். கடைசிப் பந்தி வரும்போது கூட்டும் பொரியலும் தீர்ந்து, சாம்பாரும் நீர்த்துப் போகிறது. இவ்வாண்டு முதற்பந்தி தாய்மாருக்கும் கருவுற்ற மகளிர்க்கும் பெண்குழந்தைகளுக்கும் ஆகுக. இலை போடுவதும் பரிமாறுவதும் நம் கடமை ஆகுக. அன்று ஒரு நாள் பழகிய கை, மறுநாள் வீட்டிலும் அவ்வாறே பரிமாறும் என நம்புகிறோம்.